ரிஜெக்ட் அக்கா வாங்கிய ஆவாரை

சட்டைக் கம்பெனியில் அவளுக்கு வைத்த பெயர் ரிஜெக்ட் அக்கா. முகத்துக்கு நேரே ஒருத்தரும் சொல்ல மாட்டார்கள். முதுகுக்குப் பின்னால் சொல்லாமலும் இருக்க மாட்டார்கள். இருபத்தாறு வருஷமாக ஃபைனல் செக்கிங். தைத்து, பட்டன் வைத்து, பிசிறு வெட்டி, எல்லாம் முடிந்த சட்டை கடைசியாக அவள் மேஜைக்கு வரும். ட்யூப் லைட்டுக்குக் கீழே ஒரு உதறு, ஒரு திருப்பு, காலர், கை, அடித்தையல், நாற்பதே விநாடி. குறை இருந்தால் அந்த இடத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவாள். அவள் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு ஒரு சட்டை கப்பல் ஏறியதாகச் சரித்திரம் கிடையாது.

அப்பேர்ப்பட்டவளின் வீட்டில் ஒரு செடி பிழைக்கவில்லை. அதை எங்கே போய்ச் சொல்ல?

மூன்று மாடி, பன்னிரண்டு வீடு உள்ள குடியிருப்பில் அவளுடையது தரைத்தளம். அடுக்களைக் கதவைத் திறந்தால் மதில்வரை ஒரு துண்டு நிலம். நிலம் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். கட்டடம் கட்டியவன் போட்டுவிட்டுப் போன செங்கல் உடைசலும் சிமெண்டுக் கட்டியும்தான் அங்கே பாதி. வெயில் காலையில் ஏறினால் சாயங்காலம்தான் இறங்கும். சாலையோரக் கடைகளில் பார்த்துப் பார்த்து, இலையில் ஒரு பொட்டுக்கூட இல்லாத பூச்செடிகளாக வாங்கி வந்து வைத்தாள். மூன்று வருஷம், மூன்று தடவை. கோடை வந்ததும் எல்லாம் சருகாகிப் போயின. மாடியில் துணி உலர்த்துகிறவர்கள் எட்டிப் பார்த்து, "போன மாசம் அட்மிட் ஆனவர் போயிட்டாரா?" என்று விசாரிப்பார்கள்.

கேலி போனால் போகிறது. இடமே போகும் நிலை வந்தது. தெருவில் நிற்கும் வண்டிகளைப் போகிற வருகிறவனெல்லாம் கீறிவிட்டுப் போகிறான், அந்தக் கட்டாந்தரைக்கு டைல்ஸ் போட்டால் பத்து வண்டி நிறுத்தலாம் என்று குடியிருப்புச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் செயலாளர் தீர்மானம் கொண்டுவந்தார். தபாலாபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் சட்டம் என்றால் சட்டம். அவருடைய சொந்தப் பெண்டாட்டி மாடிப்படியில் குப்பைக்கூடை வைத்தாலும் நோட்டீஸ் ஒட்டுவார்.

கூட்டத்தில் அவள் எழுந்து நின்றாள். பேசிப் பழக்கமில்லாத ஆள்.

"சார், இருபத்தாறு வருஷமா அடுத்தவங்க செஞ்சதுல குத்தம் கண்டுபிடிக்கிறதுதான் என் பொழப்பு. இது நான் உண்டாக்கினதுன்னு சொல்லிக்க எங்கிட்ட ஒண்ணும் இல்ல. இந்தத் துண்டு மண்ணுல ஏதாவது ஒண்ணு..."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாத்தனார், இரண்டாம் மாடிக்காரி, மெதுவாக அவள் சேலையை இழுத்தாள்.

"ஏன் அண்ணி, உங்க பொண்ணு இருக்காளே. அவளை நீங்கதானே உண்டாக்கினீங்க?"

"அதுல பாதி உங்க அண்ணன்," என்றாள் இவள்.

சபை சிரித்துவிட்டது. சிரித்த சபைக்கு மனசு கொஞ்சம் இளகும் அல்லவா? செயலாளர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு தீர்மானத்தைத் திருத்தி எழுதினார். ஒரு வருஷம் அவகாசம். அடுத்த ஆண்டுக் கூட்டத்தன்று அந்த நிலத்தில் பதினைந்து செடியாவது உயிரோடு இருக்க வேண்டும். மேல்தொட்டித் தண்ணீரில் ஒரு சொட்டுக்கூடத் தொடக்கூடாது. பதினைந்துக்கு ஒன்று குறைந்தாலும் டைல்ஸ். கீழே எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள், அவளும் போட்டாள்.

தண்ணீர் ஊற்றாமல் எது பிழைக்கும்? கம்பெனி பஸ்ஸில் போகும்போதுதான் கண்டுபிடித்தாள். ரயில் பாதை ஓரத்தில், ஜல்லிக்கும் கரிக்கும் நடுவே, யாரும் ஏறெடுத்துப் பார்க்காத இடத்தில், கொளுத்தும் வெயிலில் மஞ்சள் மஞ்சளாகப் பூத்துக் கிடந்தது ஆவாரை. அடேயப்பா, இத்தனை நாள் இதைத் தாண்டித்தானே போனோம் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். கடை கடையாகக் கேட்டதற்கு, "காட்டுச் செடியை யாரும்மா காசு குடுத்து வாங்குவா?" என்று சிரித்தார்கள். ஒருவர் மட்டும், வனத்துறை நாற்றங்காலில் வருஷத்துக்கு ஒருதரம், மழைக்கு முன்னால், ஒரே ஒரு நாள், இந்த மண்ணுக்கே உரிய செடிகளாகப் பார்த்து விற்பார்கள் என்று சொன்னார். காலண்டரில் அந்த நாளைச் சுற்றி வட்டம் போட்டுவிட்டாள்.

விற்பனையன்று காலை ஆறு மணிக்கே நாத்தனாரைக் கிளப்பிக்கொண்டு போனால், அங்கே வாசல் தாண்டி வரிசை. சனத்துக்கு இவ்வளவு செடிப் பைத்தியமா என்று இருந்தது. ஒரு டோக்கனுக்கு இருபது கன்றுதான். இவளுக்கு நாற்பத்தாறாம் எண். நாத்தனார் சுமக்க வந்தவள், டோக்கன் எடுக்கவில்லை. பகல் பன்னிரண்டுக்கு வாசலை மூடிவிடுவோம் என்று ஒலிபெருக்கி பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் மிரட்டிக்கொண்டே இருந்தது.

உள்ளே பச்சை வலைக்குக் கீழே வரிசை வரிசையாகக் கறுப்புப் பைகளில் கன்றுகள். நொச்சி ஒரு பக்கம், வெட்சி ஒரு பக்கம், கடைசியில் 'ஆவாரை' என்று அட்டை நட்ட பாத்தி. முழ உயரத்தில் நானூறு கன்று இருக்கும். பூ இல்லை, மொட்டு இல்லை. இறகு மாதிரி இலைகள் மட்டும்.

அக்காவுக்குக் கை பரபரத்தது. உட்கார்ந்தாள். ஒவ்வொன்றாகத் தூக்கித் திருப்பினாள். ஓட்டை விழுந்த இலையா, தள்ளு. ஓரம் கடித்ததா, தள்ளு. தண்டு கோணலா, தள்ளு. புழு இருந்ததைப் பார்த்து நாத்தனார் முகத்தைச் சுளித்துக்கொண்டாள். கால் மணி நேரத்தில் இருபது கன்று தேறின. குத்தம் என்று ஒரு புள்ளி சொல்ல முடியாது. வளர்ந்தவை, வாளிப்பானவை, துடைத்து வைத்ததுபோல இருந்தவை.

"கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கு அண்ணி ஒவ்வொண்ணும்," என்றாள் நாத்தனார்.

பில் போடும் மேஜையில் கன்றுகளை இறக்கினார்கள். முன்னால் இரண்டு பேர் நின்றார்கள். சும்மா நிற்கத் தெரியாத ஜன்மம் அல்லவா அவள்? பெட்டியில் அடுக்கும் முன்னால் சட்டைகளைக் காலரோடு காலர் வைத்துக் கடைசியாக ஒருமுறை பார்ப்பாளே, அதே பழக்கத்தில் கன்றுகளை ஒரே வரிசையாக நிறுத்தித் தண்டோடு தண்டு ஒப்பிட்டாள்.

இரண்டு கன்று மட்டும் வேறாக இருந்தன.

அந்த இரண்டில், இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் இரண்டு பக்கமும் வட்டமாக ஒரு குட்டி இலை, காது மாதிரி. ஒவ்வொரு காம்பிலும் தவறாமல் இருந்தது. சிற்றிலை ஜோடிகளுக்கு நடுவே ஊசிமுனை அளவுக்கு ஒரு முளைப்பும் இருந்தது. மிச்சம் பதினெட்டில் காதும் இல்லை, முளைப்பும் இல்லை. ஒரே லாட்டில் வந்த சரக்கு ஒன்றுபோல இருக்க வேண்டாமா?

"டோக்கன் நாப்பத்தாறு," என்று கூப்பிட்டார்கள்.

"அண்ணி, நம்மளைத்தான். பில்லு போடுங்க."

"இரு," என்றாள் அவள். "இதுல ஏதோ கோளாறு இருக்கு."

வரிசையை விட்டு வெளியே வந்தாள். நாத்தனார் தலையில் கை வைத்துக்கொண்டாள். நாற்பத்தேழு முன்னால் போய்விட்டது.

நாற்றங்கால் அதிகாரிக்கு நாற்பது வயது இருக்கும். காலையில் இருந்து கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது. காதுள்ள கன்று ஒன்றும் காதில்லாதது ஒன்றுமாக இரண்டு கையில் பிடித்துக்கொண்டு தன் முன்னால் நின்றவளைப் பார்த்து அலுத்துக்கொண்டார்.

"அம்மா, இது செடி, சட்டைத்துணி இல்ல. ஒண்ணு அப்படி இருக்கும், ஒண்ணு இப்படி இருக்கும். நாங்களே விதை போட்டு வளர்த்தது."

"சாம்பிள் பீஸ் எங்க சார்?"

"என்ன பீஸ்?"

"விதை எடுத்த தாய்ச்செடி. அதோட ஒப்பிட்டுப் பாத்துட்டா பேச்சே இல்ல. எங்க கம்பெனியில அப்படித்தான்."

இந்தம்மாவை அனுப்பினால் போதும் என்றுதான் அவர் எழுந்து நடந்தார். மோட்டார் அறைக்குப் பின்னால் பூத்து நின்றது தாய்ச்செடி. அதிகாரி ஒரு கிளையை வளைத்தார். ஒவ்வொரு காம்பின் அடியிலும் இரண்டு காது. இன்னொரு கிளையை வளைத்தார், அதிலும் அப்படியே. அவள் கையில் இருந்த காதில்லாத கன்றை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு வாசல் பக்கம் திரும்பினார். அங்கே எந்தக் காலத்திலோ யாரோ நிழலுக்கென்று வைத்த மரம் ஒன்று, அதுவும் மஞ்சளாகப் பூத்து, ஆகாயத்துக்கு நின்றது. மனுஷர் முகத்தில் ஈயாடவில்லை.

"வெளிநாட்டு மரம்மா அது," என்றார். குரல் இறங்கிவிட்டது. "ரெண்டு விதையையும் பக்கத்துப் பக்கத்துச் சாக்குல காயப்போட்டிருந்தோம். கலந்திருக்கு. அது முப்பது அடி போகும். போன இடத்துல வேற எதையும் முளைக்க விடாது. அதைப் புடுங்கி எறியத்தான் எங்களுக்குச் சம்பளமே. அதை நானே சனங்க கையில குடுத்து அனுப்பறேன் பாருங்க."

முப்பது அடி மரம் பதினெட்டு. அவள் கண்முன்னால் மதிலும் கழிவுநீர்த் தொட்டியும் செயலாளரும் வந்து போனார்கள்.

"நான் ஓட்டை இல்லாததா பாத்துப் பாத்து எடுத்தேன் சார். எப்படி இது பூரா எங்கிட்ட வந்துச்சு?"

"அதனாலதான் வந்துச்சு. நம்ம செடின்னா இங்க இருக்கிற புழுவுக்குத் தெரியும், வந்து கடிக்கும். இதை இங்க ஒண்ணும் சீண்டல."

அவளுக்குச் சுருக்கென்றது. இருபத்தாறு வருஷம் சோறு போட்ட கண் அவளை ஏமாற்றவில்லை. சொன்ன வேலையைச் சுத்தமாகச் செய்து, நானூறில் இருந்து தப்பான பதினெட்டைப் பொறுக்கிக் கொடுத்துவிட்டது. தேடச் சொன்ன குறைதான் தப்பு.

அதிகாரி ஆவாரை விற்பனையை நிறுத்தினார். முன்னால் வாங்கிப் போனவர்கள் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று ஒலிபெருக்கியில் சொன்னார். வரிசையில் முணுமுணுப்பு கிளம்பியது. நானூறு கன்றையும் பிரிப்பதற்குள் மாலை ஆகிவிடும், இந்த வருஷம் ஆவாரை கிடையாது என்று அவர் அறிவிக்க வாயெடுத்தபோது, அவள் தன் இருபதையும் பாத்தியிலேயே வைத்துவிட்டு அதன் ஓரத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"மணி என்ன சார்?"

"பத்தே முக்கால்."

"பதினொன்னரைக்கு முடிச்சுத் தரேன். மூணு பக்கமும் இடம் விடச் சொல்லுங்க."

அதன்பிறகு நடந்ததைப் பார்த்தவர்கள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இடது கை எடுத்தது, கட்டைவிரல் காம்பின் அடியைத் தடவியது, வலது கை வைத்தது. பாஸ் வலப்பக்கம், ரிஜெக்ட் இடப்பக்கம். காதும் இலையும் புழு தின்று வெறும் குச்சியாக நின்றவை, இன்னதென்று சொல்ல முடியாதவை, முன்னால். கம்பெனியில் அதற்கு ஹோல்ட் என்று பெயர். நாத்தனார் தூக்கி வைத்தாள். இடுப்பு போச்சு, கை போச்சு என்று புலம்பிக்கொண்டே வைத்தாள். முணுமுணுத்த வரிசை வாயை மூடிக்கொண்டு வேடிக்கை பார்த்தது. பாஸான கன்றுகள் உடனுக்குடன் பில் மேஜைக்குப் போய்க்கொண்டிருந்தன.

"அண்ணி," நாத்தனார் குனிந்து காதைக் கடித்தாள். "முதல்ல நமக்கு இருபதை ஒதுக்கி வைங்க. அவங்களே அள்ளிட்டுப் போயிடுவாங்க."

"செக்கர் லாட்டுல கை வைக்கக்கூடாது."

"இது என்ன உங்க கம்பெனியா?"

"கை என்னோடதுதானே," என்றாள், நிமிராமலே.

செக்கிங் மேஜையில் உட்கார்ந்தவள் அந்த லாட்டில் இருந்து ஒரு பட்டன்கூடத் தனக்கென்று எடுக்கக்கூடாது. எடுத்தால் எதைப் பாஸ் பண்ணினாள், எதற்காகப் பண்ணினாள் என்று எவனும் கேட்பான். இருபத்தாறு வருஷம் அதைக் காப்பாற்றியவள், ஒரு செடிக்காக விட்டுவிடுவாளா?

பதினொன்றரைக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது கடைசிக் கன்றை வைத்தாள். நூற்றெழுபது ரிஜெக்ட். சனங்கள் கை தட்டினார்கள். அதிகாரி மேஜையில் இருந்து எழுந்து வந்து கும்பிட்டார். அவள் வலப்பக்கம் திரும்பிப் பார்த்தாள். பாஸ் பண்ணியதில் ஒன்றுகூட மிச்சமில்லை. கடைசி நாலையும் ஒரு பெரியவர் கூடையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"நல்லா இருக்கு நம்ம நியாயம்," என்றாள் நாத்தனார். அழாத குறை.

மிஞ்சியது முன்னால் இருந்த, வரிசையில் யாரும் சீண்டாத ஹோல்ட் குவியல்தான். முப்பது குச்சி. ஒன்றிரண்டில் புழு இன்னும் தின்றுகொண்டிருந்தது. காது இருந்த இடத்தில் தழும்பாவது இருக்குமே என்று அவளுக்குத் தோன்றியது. சட்டையில் பை பிரித்த இடத்தில் ஊசித்துளை தெரிவதில்லையா? கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொரு கணுவாகப் பார்த்தாள். அரைவட்டமாகக் கிழிந்த விளிம்பு தெரிந்ததை மட்டும் எடுத்தாள். பதினேழு தேறின. பதினெட்டாவதில் சந்தேகம் வந்தது, வைத்துவிட்டுப் பதினேழுக்கு மட்டும் பில் போட்டாள்.

மழைக்கு முன்னால் நட்டாள். மண்ணைத் தோண்டச் செங்கல்தான் வந்தது. அதையும் போட்டே மூடினாள். மாடியில் இருந்து, "குச்சி நட்டு என்னம்மா பண்ணப் போறீங்க, கொடி கட்டவா?" என்றார்கள். மழை பெய்தது, குச்சி துளிர்த்தது. துளிரைப் புழு தின்றது, மறுபடி துளிர்த்தது. ஆறாம் மாசம் ஒரு காலையில் அடுக்களைக் கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். மதில் ஓரம் முழுக்க மஞ்சள். பூ என்றால் அப்படி ஒரு பூ. லிஃப்ட் மெக்கானிக்கான அவள் புருஷன், வாயில் பிரஷ்ஷோடு வந்து பார்த்துவிட்டு, "பரவாயில்லையே," என்றார். கல்யாணமான நாளில் இருந்து அவர் வாயில் வந்த அதிகபட்சப் பாராட்டு அது.

அந்த வருஷக் கோடை இரக்கமில்லாமல் அடித்தது. மதில் மூலையில் கட்டாந்தரைக்கு மேலே நின்ற செடி முதலில் பட்டுப்போனது. அடுத்த மாசம் இன்னொன்று. கூட்டத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது மூன்றாவது போனது. பதினேழில் மூன்று போனால் எவ்வளவு என்று அவளுக்குத் தெரியும். பதினான்கு. ஒன்று குறை.

"ஒரு கிளையை ஒடிச்சு நட்டு வைங்க அண்ணி. கூட்டம் முடியற வரைக்கும் வாடாது," என்றாள் நாத்தனார்.

அன்றைக்கு அடுக்களைக் கதவைத் தாழ் போட்டவள்தான், அப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை. நடுவில் கோடை மழை நாலு நாள் கொட்டியது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள். பெய்து என்ன, போனது போனதுதான் என்று நினைத்துக்கொண்டாள்.

கூட்டத்தன்று செயலாளர் தீர்மானத்தையும் டைல்ஸ்காரன் கொடுத்த விலைத் தாளையும் எடுத்துக்கொண்டு நேரே நிலத்துக்கு வந்தார். பின்னால் பன்னிரண்டு வீடும் வந்தது. குடைக்காம்பால் தொட்டுத் தொட்டு அவரே எண்ணினார். பன்னிரண்டு, பதிமூன்று, பதினான்கு. பட்டுப்போன மூன்றையும் ஒடித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். அந்தப் பூவையே தலையில் வைத்துக்கொண்டு நின்ற பெண்கள் தலையைத் தொங்கப்போட்டார்கள். மாடிக்காரர்களுக்குக்கூடச் சிரிப்பு வரவில்லை.

"பதினாலு சார். எனக்குத் தெரியும்," என்றாள் அவள். "எழுதிக்குங்க."

செயலாளர் எழுதவில்லை. கீழ்க்கிளை ஒன்றைக் குடைக்காம்பால் தூக்கிப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார்.

"இது என்னம்மா?"

நெற்று வெடித்துச் சிதறிய இடத்தில், ஈர மண்ணில், விரல் உயரத்துக்குப் பச்சையாக என்னென்னவோ முளைத்திருந்தன. அவள் பார்த்தாள்.

"அது நான் நட்டதில்ல சார்."

"நட்ட செடின்னு தீர்மானத்துல எங்கயும் எழுதல," என்றார் செயலாளர், தாளை விரித்து. "உயிரோட இருக்கிற செடின்னுதான் எழுதியிருக்கேன். ஆனா களையெல்லாம் கணக்குல வராது. இது என்ன செடின்னு நீங்கதான் சொல்லணும்."

எல்லாரும் அவள் வாயையே பார்த்தார்கள். எதுவானாலும் குறை சொல்லும் வாய். அவள் மண்ணில் மண்டியிட்டாள். முதல் நாற்றின் காம்பைத் தடவிப் பார்த்தாள்.

"களை," என்று பிடுங்கிப் போட்டாள்.

"அண்ணி, பாத்து," என்று நாத்தனார் பதறினாள்.

இரண்டாவதும் களை. பிடுங்கினாள். மூன்றாவதன் அடியில் கட்டைவிரல் நின்றது. கண்ணைக் கிட்டே கொண்டுபோனாள். நகக்கண் அளவுக்கு, வட்டமாக, இரண்டு பக்கமும். அவள் வெகுநேரம் பார்த்தாள்.

"ஆவாரை," என்றாள்.

அடுத்ததும் ஆவாரை. அதற்கடுத்தது களை. செடிக்குச் செடி தவழ்ந்துபோய் முடித்து நிமிர்ந்தபோது முழங்கால் முழுக்கச் சேறு.

"அஞ்சு சார். பதினாலும் அஞ்சும் பத்தொம்பது."

ஒரு கூச்சல் எழுந்தது பாருங்கள், தெருவில் போனவர்கள் மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தார்கள். செயலாளர் பத்தொன்பது என்று எழுத்திலும் எண்ணிலும் எழுதி, டைல்ஸ்காரனின் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கையெழுத்துக்குப் பேனாவை நீட்டினார். கண்ணீரில் அவளுக்கு எழுத்துத் தெரியவில்லை. துடைத்துக்கொள்ளலாமென்றால் கையெல்லாம் சேறு.

"அண்ணி, அழறீங்களா?"

"ஆமா, அழறேன்," என்றாள் ரிஜெக்ட் அக்கா. "இது நான் உண்டாக்கினது."